பிஎஸ் 6 வண்டியைத் திருப்பி அனுப்பும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

பிஎஸ் 6 வண்டி வந்தால் கம்பெனி சர்வீசுக்குப் போகச் சொல்லி அனுப்பிவிடுகிறேன், வம்பு எதுக்குண்ணா என்று போனில் சொன்னாய். அன்றையிலிருந்து எனக்கு இதே யோசனைதான். நேரில் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ் 6 என்கிற வண்டிப் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. அதற்கப்புறம் விற்கிற பெட்ரோல் டூவீலரில் பெரும்பாலானவை, பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து தெளிக்கிற ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்தான், நம் பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் கள்ளு கேன் கட்டிக்கொண்டு தோப்புக்கும் ஷாப்புக்கும் ஓடுகிற டிவிஎஸ் எக்ஸ்எல் உட்பட. நம்பர் சித்தூரின் கேஎல் 70 ஆனாலும் சரி பொள்ளாச்சியின் டிஎன் 41 ஆனாலும் சரி, பழைய மாதிரி கார்புரேட்டரில் பெட்ரோலும் காற்றும் கலக்கிற வண்டி வருஷத்துக்கு வருஷம் குறையத்தான் போகிறது. இன்றைக்கு உன் மீனாட்சிபுரம் பட்டறையில் வேலை இருக்கிறது, சந்தோஷம். ஆனால் அது எத்தனை வயசான வண்டிகளிலிருந்து வருகிறது என்று ஒருநாள் உட்கார்ந்து பார்.

உன் கைமேல் எனக்குச் சந்தேகமே கிடையாது. சத்தத்தைக் கேட்டே டேப்பெட்டா செயினா என்று சொல்கிறவன் நீ. அப்படிப்பட்டவன் வாசலுக்கு வந்த வண்டியைத் தொடாமலே அனுப்புவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு சாதாரண கேஸ் சொல்கிறேன். ஸ்டார்ட் ஆகவில்லை என்று தள்ளிக்கொண்டு வருகிறார்கள். சாவியைத் திருப்பியதும் டேங்குக்குள் பம்ப் இரண்டு மூன்று விநாடி ஓடி நிற்கிறதா என்று காதை வைத்துக் கேள். சத்தமே இல்லையென்றால் ஃப்யூஸ், ரிலே, பேட்டரி என்று வரிசையாகப் பார். பழைய வண்டியில் பேட்டரி செத்தாலும் கிக்கரில் எழுப்பிவிடுவோம், இதில் பம்ப்பே பேட்டரி கரண்டில்தான் ஓடுகிறது, சுத்தமாக இறங்கிவிட்டால் கிக்கரை எத்தனை அடித்தாலும் பெரும்பாலும் பயனில்லை. நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் வரை காட்டும். ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தும்போது 10-க்குக் கீழே விழுந்தால் முதல் சந்தேகம் பேட்டரிமேல், இல்லையென்றால் பச்சை பூத்த டெர்மினல், லூசான எர்த். இந்த மாதிரி வண்டியையும் சேர்த்துத்தான் நீ பொள்ளாச்சி கம்பெனி சர்வீசுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறாய்.

ஐடிலில் இன்ஜின் ஓட்டம் ஏறி இறங்கினால் பழக்கத்தில் கை, கார்புரேட்டரில் காற்றைக் கூட்டிக் குறைக்கிற ஏர் ஸ்க்ரூவைத் தேடும். இதில் அந்த வேலையை சைலன்சர் பைப்பில் இருக்கிற ஆக்சிஜன் சென்சாரும் வண்டியின் கம்ப்யூட்டரான இசியுவும் சேர்ந்து செய்கின்றன. பெட்ரோல் அதிகமானால் சென்சார் 0.9 வோல்ட் பக்கம் ஏறும், காற்று அதிகமானால் 0.1 பக்கம் இறங்கும், அதைப் பார்த்து இசியு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும். எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. ப்ளக் நிறத்தைப் பார்த்தே நீ இத்தனை வருஷம் பிடித்து வைத்த கணக்கு இது, இனி மீட்டரில் பார்க்கப்போகிறாய், அவ்வளவுதான். சென்சார் கோளாறு என்றால் சில வண்டிகளில் இன்ஜின் லைட்டே மினுக்கிச் சொல்லிவிடும், அதை எண்ணத் தெரிந்தால் போதும்.

யூடியூப் பார்க்கிறாய், பார். ஆனால் எந்தக் கப்ளரைக் கழற்றுவது என்று காட்டுகிறவர்கள் அதிகம், ஏன் என்று சொல்கிறவர்கள் குறைவு, மாடல் மாறினால் மறுபடி முழிக்க வேண்டியதுதான். ஐடிஐ பிள்ளைகளுக்காக சென்னை கிண்டியில் நிமி என்கிற மத்திய அரசு நிறுவனம் போடுகிற புத்தகங்கள் தமிழிலேயே கிடைக்கின்றன. மோட்டார் மெக்கானிக் புத்தகத்தில் எலக்ட்ரிக்கல் பகுதியை மட்டும் முதலில் எடு. பட்டறை திறந்ததும் அரைமணி நேரம் படி, ராத்திரிக்கு வைக்காதே, நாள் முழுக்க ஸ்பேனர் பிடித்த உடம்பு கேட்காது.

மலையாளம் சரளமாகப் பேசுகிறாய், எழுத்தையும் கற்றுக்கொள். பஞ்சாயத்து லைசென்ஸ் நோட்டீசும் பயிற்சி அறிவிப்பும் பெரும்பாலும் அதில்தான் வருகின்றன, அவற்றைப் படிக்க நீ இன்னொருத்தரைத் தேடக் கூடாது. கையாலேயே தொழில் கற்றவர்களைச் சோதித்துச் சான்றிதழ் தருகிற ஆர்பிஎல் என்று ஒன்றும் மத்திய அரசின் கௌஷல் விகாஸ் திட்டத்தில் உண்டு, பாலக்காட்டில் எப்போது நடக்கிறது என்று விசாரித்து வை.

கூலி விஷயத்தில் மட்டும் உன்மேல் எனக்குக் கோபம். அரைமணி நேரம் தேடி ஒரு லூஸ் ஒயரைக் கண்டுபிடிப்பாய், அப்புறம் “ஒண்ணும் இல்லீங்க, போயிட்டு வாங்க” என்று அனுப்பிவிடுவாய். ஸ்பேர் மாற்றினால்தான் காசு என்று யார் சொன்னது? பார்த்துச் சொல்ல இவ்வளவு ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிட்டு வண்டியைத் தொடு. படித்த படிப்பு காசாக வராவிட்டால் வீட்டில் அந்தக் காலை அரைமணி நேரத்தை உனக்கு விடமாட்டார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

இசியுவில் பதிந்த கோளாறைப் படிக்கிற ஸ்கேனருக்கு இப்போது பணம் போடாதே, நல்ல மல்டிமீட்டர் ஒன்று வாங்கு. ஸ்கேனர் என்னிடம் இருக்கிறது, தேவைப்படும்போது கொழிஞ்சாம்பாறைக்கு வந்து எடுத்துக்கொண்டு போ. அடுத்து வருகிற இன்ஜெக்‌ஷன் வண்டியை அனுப்பிவிடாமல் நிறுத்திவைத்து எனக்குப் போன் பண்ணு, பேட்டரியில் எத்தனை வோல்ட் என்று மட்டும் பார்த்துச் சொல்.

அன்புடன்,
அண்ணன்