ஒரு கட்டை குறைச்சுக்கலாமா அப்பா

யாங்கோன், தாம்வே
வாசோ மாதம், விடாத மழை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போன் போட்டால் நீ எடுப்பாய், எடுத்தால் பேசுவாய். டாக்டர் பேசக் கூடாது என்று சொன்ன பிறகு நானே உன்னைப் பேச வைத்த பாவம் எதற்கு? அதனால்தான் காகிதம். பக்கத்து வீட்டுத் தம்பி இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். கரண்ட் வருகிற நேரம் பார்த்து அனுப்புவான். இரண்டு நாள் தாமதமானால் பயந்துவிடாதே.

போன வாரம் நீ அனுப்பிய குரல் பதிவை அம்மா ஏழெட்டு தடவை போட்டுக் கேட்டாள். நீ கிசுகிசுவென்று பேசியிருந்தாய். "பாரேன், தொண்டையை எப்படி மிச்சம் பிடிக்கிறாள்" என்று அவளுக்குப் பெருமை வேறு. அது மிச்சம் இல்லை, பாப்பா. கிசுகிசுப்பது பல பேருக்குச் சாதாரணமாகப் பேசுவதைவிடத் தொண்டையை அதிகமாக இறுக்கும். பேசினால் மெதுவாக, உன் சொந்தக் குரலில் பேசு. இல்லையென்றால் எழுதிக் காட்டு. கனைக்காதே. கனைப்பு வந்தால் ஒரு வாய் தண்ணீர் விழுங்கு. அம்மா மிளகுப்பால் குடிக்கச் சொல்கிறாள். சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டேன். நீ உன் தெரபிஸ்ட் அம்மா சொல்வதையே கேள். ராத்திரி பாட்டு நாடக ஷோ முடிந்து பதினொரு மணிக்குமேல் சாப்பிட்டுவிட்டு உடனே படுக்கிறாய், வயிற்றுப் புளிப்பு மேலே ஏறித் தொண்டையைக் கடிக்கிறது என்று அவர் சொன்னாராமே. அதை நான் முழுக்க நம்புகிறேன். விடிய விடிய நாடகம் போட்டுவிட்டுக் காலையில் பரோட்டா தின்று தூங்கிய கூட்டத்தில் வளர்ந்தவன் நான்.

குரல் நாணில் காய்ப்பு விழுந்திருக்கிறது என்று நீ எழுதியதும் எனக்குச் சட்டென்று விளங்கியது. மண்வெட்டி பிடிக்கிற கையில் எப்படிக் காய்ப்பு விழுகிறதோ அப்படித்தான். ஆறு கட்டைச் சுருதியில் ஸட்ஜம் பிடித்தால் உன் தொண்டையில் அந்த இரண்டு நாணும் நொடிக்கு 220 தடவை மோதும். மேல் ஸட்ஜத்துக்கு ஏறினால் 440. இதை ஆர்மோனியத்துக்கு ரீடு மாற்ற வந்த கிழவர் ஒருவர் எனக்கு எப்போதோ சொன்னார். வாரத்துக்கு எட்டு ஷோ. அதில் இரண்டு நாள் மதியம் ஒன்று, ராத்திரி ஒன்று. எத்தனை தடவை மோதும் என்று கணக்குப் போட உட்கார்ந்தேன், பாதியில் விட்டுவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "இன்னும் மூணு வாரத்துல மெயின் பார்ட் அக்கா லீவுல போறாங்க. அண்டர்ஸ்டடி நான்தான், அவங்களுக்குப் பதிலா நான் ஏறணும். தொண்டை விஷயத்தை இப்ப கம்பெனிகிட்ட சொல்லாம இருந்துடட்டுமாப்பா" என்று கேட்டிருந்தாய். நான்கு நாள் யோசித்தேன். சொல்லிவிடு. இன்றைக்கே சொல்லிவிடு.

நீ இந்த இடத்துக்கு வர என்ன பாடுபட்டாய் என்று எனக்குத் தெரியாதா? மூன்று வருஷம் கோஷ்டியில் ஒன்பது பேருடைய ஆட்டத்தையும் பாட்டையும் மனப்பாடம் செய்துவைத்துக்கொண்டு, எவருக்குக் காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கு அவராகப் போய் நிற்கிற வேலை. ஸ்விங் என்றாய். நான் முதலில் ஊஞ்சல் ஆடுகிற வேஷம் என்று நினைத்துவிட்டேன். லியா சலோங்கா படம் உன் அறைச் சுவரில் இன்னும் இருக்கிறது, மழையில் ஒரு மூலை நனைந்து மடங்கிவிட்டது. மணிலாப் பெண், 1989இல் லண்டன் மேடையில் கதாநாயகியாக ஏறும்போது வயது 18, இரண்டே வருஷத்தில் நியூயார்க்கில் டோனி விருது. அவரைக் காட்டித்தானே நீ என்னிடம் அனுமதி வாங்கினாய்.

ஆனால் நீயே இன்னொன்றும் சொல்லியிருக்கிறாய். ரொம்பக் கனமான பாட்டு உள்ள பார்ட்டுக்கு இரண்டு பேரை எடுப்பார்கள், எட்டு ஷோவில் ஆறு ஒருவருக்கு, இரண்டு இன்னொருவருக்கு என்று. ஆக, ஒரு தொண்டை எட்டையும் தாங்காது என்று அந்தத் தொழிலுக்கே தெரிந்திருக்கிறது. தெரியாதது போல இருப்பது நீதான்.

மலை மேல் கையை விரித்துச் சுற்றிச் சுற்றிப் பாடுவாரே, ஜூலி ஆண்ட்ரூஸ். அந்த டேப் தேய்கிறவரை பார்த்தாய். 1956லேயே நியூயார்க் மேடையைக் கட்டி ஆண்டவர். 1997இல் தொண்டையில் ஒரு ஆபரேஷன். அதற்குப் பிறகு அந்தப் பாட்டுக் குரல் திரும்பி வரவே இல்லை. பயமுறுத்த எழுதவில்லை. உனக்கு ஆபரேஷன் வேண்டாம், ஓய்வும் பயிற்சியும் போதும் என்று டாக்டர் சொல்லும் கட்டத்தில் இருக்கிறாய். அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போகாதே என்கிறேன், அவ்வளவுதான்.

உன் தாத்தா கதையை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. "பாய்ஸ் கம்பெனியில் ஸ்திரீபார்ட்" என்று பெருமையாகச் சொல்வோம், அதோடு நிறுத்திக்கொள்வோம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் பையன்களை வைத்துச் சபை தொடங்கிய பிறகு ஊருக்கு ஊர் அப்படிக் கம்பெனிகள் முளைத்தன. வீட்டில் சோற்றுக்கு இல்லாத பையன்களை எட்டு வயதில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அப்படி விடப்பட்டவர் தாத்தா. 1930களில் கம்பெனியோடு கப்பலேறி ரங்கூன் வந்தார். பவளக்கொடி வேஷம். மைக் கிடையாது, கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கும் மூட்டைக்காரருக்கும் கேட்க வேண்டும். உனக்கு நெற்றி முடிக்குள் மைக்கை ஒட்டுகிறார்கள் என்று சொன்னபோது எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது.

இங்கே வந்த இடத்தில் அவருக்கு மகரக்கட்டு வந்துவிட்டது. பதினான்கு வயசுப் பையனுக்குக் குரல் உடையாமல் என்ன செய்யும்? ஓய்வு கொடுத்திருந்தால் நல்ல ஆண் குரலாகவே இறங்கி உட்கார்ந்திருக்கும். ஆனால் டிக்கெட் விற்றாகிவிட்டது. மேனேஜர் பிரம்போடு பக்கத் திரைக்குப் பின்னால் நின்று பாட வைத்தாராம். இரண்டு மாசம். அப்புறம் குரல் கிழிந்த தகரம் மாதிரி ஆகிவிட்டது. கம்பெனி ஊருக்குத் திரும்பியபோது இவரை ஏற்றிக்கொள்ளவில்லை. ஒரு செட்டியார் கடையில் கணக்கெழுதி, சம்பாதித்த காசில் பழைய காலால் மிதிக்கும் ஆர்மோனியம் ஒன்றை வாங்கினார். அந்தப் பெட்டியால்தான் நம் குடும்பமே இந்த ஊரில் வேர் பிடித்தது. எனக்கு விவரம் தெரிந்து அவர் ஒரு வரிகூடப் பாடியதில்லை. சாமிக்கு முன்னால்கூட வாயசைப்பார், சத்தம் வராது.

நாடகப் பாடகர் கிட்டப்பா பேச்சு வந்தால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார். 1933 டிசம்பரில் கிட்டப்பா போனபோது வயது 27. அவர் மனைவி சுந்தராம்பாள் அன்றைக்கு வெள்ளை கட்டி மேடையை விட்டு விலகியவர், 1935இல் வந்த நந்தனார் படத்துக்கு லட்ச ரூபாய் சம்பளம் வாங்கினார். அதற்குப் பிறகு எத்தனை வருஷம் பாடினார்! விலகி இருந்த நாளில் அவர் குரல் எங்கும் ஓடிப்போய்விடவில்லை.

நம்ம ஊர் ஸாத் ப்வே கூத்தைப் பார். நீ சின்னவளாக இருக்கும்போது என் தோளில் உட்கார்ந்து பார்த்தாயே, பகோடாத் திருவிழாவில். ராத்திரி ஆரம்பித்தால் வெளுக்கிறவரை. கதாநாயகன் மின்தாவும் கதாநாயகி மின்தமியும் பாடி, ஆடி, அழுது, சிரிக்க வைத்து, மறுபடி ஆடி. நம் வள்ளி திருமணத்துக்கு அண்ணன் முறை. உனக்கு மின்தமி மேல் கண் இல்லை, சைங் வைங் வாத்தியக்காரர் மேல்தான். வட்டத் தொட்டிக்குள் 21 மத்தளத்தைச் சுற்றி மாட்டிக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருப்பார். சாதத்தையும் சாம்பலையும் பிசைந்த உருண்டையிலிருந்து கொஞ்சம் கிள்ளி மத்தளத்தின் நடுவில் அப்புவார், தட்டுவார், காதைச் சாய்ப்பார், நகத்தால் துளி சுரண்டி எடுப்பார், மறுபடி தட்டுவார். "அப்பா, அவர் டிரம்முக்குச் சோறு ஊட்டுறார்" என்றாய். நம் மிருதங்கக்காரர் தொப்பிக்கு ரவை பூசுவதும் அதே சங்கதிதான். சுருதி சேராமல் ஒரு அடி அடிக்க மாட்டார்கள், கூட்டம் எவ்வளவு கத்தினாலும்.

அந்தக் கூத்துக்காரர்களும் வாசோ பௌர்ணமி வந்தால் நிறுத்திவிடுவார்கள். தடிஞ்சு பௌர்ணமி வரை மூன்று மாசம் மேடை கிடையாது. விரத காலம், மழைக்காலம், சாலையெல்லாம் சேறு. காரணம் எதுவாக இருந்தால் என்ன, வருஷத்துக்கு மூன்று மாசம் தொண்டைக்கு விடுமுறை. பிறகு புதுசாகக் கூட்டுச் சேர்ந்து கிளம்புவார்கள். இப்போது இங்கே அந்த மாசம்தான் நடக்கிறது. நீயும் வாசோ இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்.

இதுவரை எழுதியதெல்லாம் உனக்குப் புத்தி சொல்ல. இனி எழுதப்போவது நான் சொல்லித் தீர்க்க வேண்டியது.

பெகு பக்கம் அந்தக் கிராமத்துக் கோயிலில் பங்குனி உத்திரத்துக்கு வள்ளி வேஷம் போட்டாயே, உனக்குப் பன்னிரண்டு வயசு. முதல் நாள் பூக்குழிப் புகையில் நின்று இருமிக்கொண்டே இருந்தாய். வேஷம் கட்டி, பொட்டு வைத்து, பரண் மேல் ஏறுவதற்கு முன்னால் ஆர்மோனியத்தோடு உட்கார்ந்திருந்த என் பக்கம் குனிந்து, "ஒரு கட்டை குறைச்சுக்கலாமா அப்பா" என்று கேட்டாய். நான் மாட்டேன் என்றேன். "ஐந்தரைக்குக் கீழே இறங்கினால் ஆலோலப் பாட்டு எடுபடாது, ஜனங்கள் எழுந்து போய்விடுவார்கள்" என்றேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தரையிலேயே பாடினாய். இரண்டாவது ஆலோலத்தில் மேலே போகும்போது குரல் இரண்டாகப் பிளந்தது. பபூன் வேஷக்காரர் ஏதோ ஜோக் அடித்துச் சமாளித்தார், ஜனங்கள் சிரித்தார்கள். நீ பரண் மேல் நின்றபடி என்னைப் பார்த்தாய். நான் கட்டையைப் பார்த்தேன். பதினைந்து நாள் உனக்குக் குரல் இல்லை.

ஜனங்கள் எழுந்து போவார்கள் என்றது பொய், பாப்பா. ஐந்தரையில் என் விரல் தானாக ஓடும். தாத்தா எனக்கு அதில்தான் கற்றுக் கொடுத்தார். நாலரையில் தடுமாறுவேன். நாடகத்துக்கு வாசிக்கிறவன் எந்தக் கட்டையிலும் வாசிக்க வேண்டும். எனக்கு வராது என்பது அந்தச் சபையில் யாருக்கும் தெரியாது. நாலு பேர் முன்னால் அது தெரிந்துவிடக் கூடாது என்று, என் கை கோணாமல் இருக்க உன் தொண்டையைக் கொடுத்தேன். தாத்தாவுக்குப் பிரம்போடு நின்ற மேனேஜரை எத்தனை தடவை திட்டியிருப்பேன்!

அம்மாவிடம்கூட இதைச் சொன்னதில்லை. இந்தக் கடிதத்தை அவள் படிப்பாள். படிக்கட்டும்.

நீ அன்றைக்குக் கேட்டாய். கேட்கத் தெரிந்த பிள்ளையை "கேட்டால் கிடைக்காது" என்று பழக்கியவன் நான். இன்றைக்கு நீ கம்பெனியிடம் வாய் திறக்கத் தயங்குவதில் என் பங்கு எவ்வளவு என்று இந்த நான்கு நாளும் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த மூன்று வாரப் பார்ட் போகும். அழுகை வரும். இன்னொருத்தி உன் உடுப்பைப் போட்டுக்கொண்டு மேடையில் நிற்பதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டியிருக்கும். அது வலிக்காது என்று நான் சொல்லமாட்டேன்.

இங்கே சாயங்காலம் கரண்ட் போனதும் மெழுகுவத்தி வைத்துக்கொண்டு பெட்டியைத் திறக்கிறேன். நாலரைக் கட்டை. இந்த வயசில் விரல் வளைய மாட்டேன் என்கிறது, மழை ஈரத்தில் ஒரு ரீடு வேறு ஒட்டிக்கொண்டு விடாமல் முனகுகிறது. ஆலோலம் முதல் இரண்டு அடி தடுக்காமல் வந்துவிட்டது. மூன்றாவதில் இன்னும் சறுக்குகிறேன். அம்மா அடுப்படியிலிருந்து, "என்ன, சுருதியை இறக்கிட்டீங்க, வயசாயிடுச்சா?" என்றாள்.

கம்பெனிக்கு எழுதியதும் போனில் அந்தக் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பு, போதும். பேசாதே.

உன் அப்பா