அவுரி (சென்னா) இலை கொள்முதல் செய்யும் ஐயாமார்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, வணக்கம்.

போன வாரம் உங்கள் குடோனில் நடந்தது உங்களுக்கே தெரியும். என் அவுரி மூட்டையை, சாயத்து அவுரி இல்லை, மருந்துக்குப் போகும் சென்னா இலை மூட்டையை, பிரித்து ஒரு கை அள்ளினார் உங்கள் ஆள். கசக்கினார், மோந்து பார்த்தார். "உங்க ஊர்ச் செவக்காட்டுல சத்து ஏறாதுய்யா" என்று இரண்டாம் தரத்தில் தள்ளிவிட்டார். கசக்கினால் சென்னோசைடு, அதாவது இலையில் இருக்கும் மலமிளக்கும் சத்து, மூக்கில் ஏறிவிடுமா என்ன?

முற்றவிட்டால் எடை கூடும், சத்து குறையும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். சரி என்று எடையை விட்டுவிட்டு இளசாகவே பறித்தோம். வெயிலில் போட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும். பச்சை வெளுத்துவிடக் கூடாதே என்று நிழலில் மெல்லிசாகப் பரப்பி, பத்து நாள் காலையும் மாலையும் புரட்டிப் போட்டாள் என் மனைவி. ஒரு ராத்திரி சாரல் அடித்தது. கட்டிலைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு இலையை வீட்டுக்குள் கொண்டுவந்தோம். இரண்டாம் தரம்!

ஊருக்கு ஊர் சத்து மாறும், நான் மறுக்கவில்லை. மண், மழை, பறித்த பருவம், காயவைத்த விதம் எல்லாம் மாற்றும். அதனால்தான் அளந்து பாருங்கள் என்கிறேன். மருந்துச் சரக்கின் தரம் சொல்லும் ஐரோப்பிய மருந்து நூலில், குறைந்தது இவ்வளவு சத்து வேண்டும் என்று நெற்றுக்குப் பல ஆண்டுகளாக இரண்டு அளவு இருந்தது: அலெக்சாண்டிரியா நெற்றுக்கு 3.4 சதவீதம், நம் திருநெல்வேலி நெற்றுக்கு 2.2. இலைக்கோ இரண்டுக்கும் ஒரே 2.5தான் இருந்தது. அந்த அலெக்சாண்டிரியாவும் விளைந்த ஊர் இல்லை, சூடான் சரக்கைக் கப்பலேற்றிய எகிப்துத் துறைமுகம். வெள்ளைக்காரனே இலைக்கு ஊர் பார்க்கவில்லை. நீங்கள் தாலுகா பார்க்கிறீர்கள்.

மூன்று வருஷமாக மூட்டைக்கு ஒரு பிடி சாம்பிள் எடுக்கிறீர்கள். முடிவு என்று ஒரு தாளை இதுவரை நான் கண்டதில்லை. உலகத்துக்கே மலச்சிக்கல் தீர்க்கிற இலை, அதன் ரிசல்ட் மட்டும் உங்கள் மேஜையில் சிக்கிக் கிடக்கிறது. ராஜஸ்தான் சரக்கு வரத்து அதிகம் என்று விலையைக் குறைக்கும்போது மட்டும் கணக்கு சுத்தமாக வருகிறது. உரக்கடையிலும் இதே கதைதான், அப்புறம் விதையில்... சரி, அதை விடுங்கள்.

கோபத்தில் ஏதும் கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: எடுத்த சாம்பிளைச் சோதித்து, எத்தனை சதவீதம் என்று எழுதிய தாளை எங்கள் கையில் கொடுங்கள். 2.5க்குக் கீழே இருந்தால் வாய் பேசாமல் இரண்டாம் தர விலையை வாங்கிக்கொள்கிறேன்.

ஐப்பசியில் விதைத்தால் தையில் அடுத்த பறிப்பு. அதற்குள் அந்தத் தாளுக்கு ஒரு வழி செய்யுங்கள் ஐயா.

இப்படிக்கு,
தூத்துக்குடி மாவட்டத்து அவுரி விவசாயி ஒருவன்