கொல்ல மறுக்கும் வாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மங்கா எனப்படும் ஜப்பானிய காமிக்ஸிலிருந்து எடுத்த சாமுராய் படம் என்றாலே வெறும் வெட்டுக்குத்து என்று ஒதுக்குபவர்கள், 2012இல் கெய்ஷி ஓதோமோ இயக்கிய ‘ருரோனி கென்ஷின்’ படத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஜப்பானில் மெய்ஜி பேரரசர் கால அரசு 1876இல் ராணுவம், போலீஸ் போன்றோர் தவிர வேறு யாரும் பொது இடத்தில் வாள் ஏந்தத் தடை போட்டது, அதற்கு அடுத்த சில ஆண்டுகளில் நடக்கும் கதை இது. பழைய கொலையாளி ஒருவன், வெட்டும் பக்கம் தன்னை நோக்கித் திரும்பிய வாளோடு, இனி யாரையும் கொல்வதில்லை என்று அலைகிறான். சண்டைகள் அபாரம்! அவனாக நடிக்கும் தகேரு சாதோ தரையோடு தாழ்ந்து ஓடித் திரும்பும் வேகத்திலேயே அந்த மனிதனின் தவிப்பு தெரிகிறது. வில்லன்கள் கொஞ்சம் மிகைதான், சரி, மங்காவிலும் அப்படித்தானே. இப்படிப்பட்ட படங்களுக்கும் உங்கள் சினிமாப் பக்கத்தில் இடம் கொடுங்கள்.