தம்பிக்கு, அந்த வண்டி விஷயமா

தம்பி,

சாப்டியா. இங்க ஒண்ணும் விசேஷம் இல்ல. பண்ருட்டி அத்தை பலாப்பழம் குடுத்தனுப்பிச்சாங்க, நீ இல்லாம அறுக்கவே மனசு வரல, அப்புறம் அக்கா குழந்தையோட வந்தப்ப அறுத்துட்டோம். அப்பா நாலு சுளை சாப்ட்டாரு. பழுத்துடுச்சான்னு என்னைத்தான் கேட்டாரு, வீடு பூரா வாசனை தூக்குது, அவர் அப்படித்தான் கேப்பாருன்னு உனக்குத் தெரியும்.

மூணு ஞாயித்துக்கிழமையா நீ போன் பண்ணல. வேலை ஜாஸ்தின்னு அக்காகிட்ட சொன்னியாம், சரி, நான் கோவிச்சுக்கல. ஆனா வண்டி எடுக்கப் போறேன்னும் அவகிட்டதான் சொல்லியிருக்க, அதுவும் கேடிஎம் 390ன்னு. அட்வான்ஸ் குடுத்தாச்சா இல்லையான்னு கேட்டா அவளுக்கும் தெரியலைங்கறா. 11 வருஷமா வண்டி ஒர்க்ஷாப்புல பில் போடறேன் தம்பி நான், எங்க ஒர்க்ஷாப்புக்கு வர்ற காலேஜ் பசங்க கூட என்ன வண்டி எடுக்கலாம்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போறாங்க.

வண்டியே வேணாம்னு சொல்லுவேன்னு நெனச்சுத்தானே மறைச்ச. சொல்ல மாட்டேன். சிறுசேரிக்கு ரெண்டு பஸ் மாறிப் போற, நைட் ஷிப்ட் முடிஞ்சு ரோட்டுல நிக்கற, அது எனக்குத் தெரியாதா. மொத சம்பளத்துல எனக்கு எடுத்த பொடவையை ஒர்க்ஷாப்புக்கே கட்டிட்டுப் போயி எல்லார்கிட்டயும் என் புள்ளை எடுத்ததுன்னு சொன்னேன், முதலாளி கூட நல்லா இருக்குன்னாரு. வண்டி எடு. 390 மட்டும் வேணாம்.

நீ இது வரைக்கும் ஓட்டினது என்னோட எக்ஸெல்லும் அக்காவோட ஸ்கூட்டியும்தான், கையில கிளட்ச் பிடிச்சு கால்ல கியர் மாத்தி டிராஃபிக்ல ஒரு நாள் ஓட்டினது இல்ல. எக்ஸெல்லுக்கு 4 குதிரை சக்தி, ஸ்ப்லெண்டருக்கு 8, நீ கேக்கற வண்டிக்கு 40க்கு மேல. மெக்கானிக் அண்ணன் சொல்லுவாரு, புதுசா ஓட்டறவன் பயந்தா கையை இறுக்கிப் பிடிப்பான், ஆக்ஸிலேட்டர் அந்தக் கையிலதான் இருக்குன்னு. சின்ன வண்டின்னா ஒரு குலுக்கு குலுக்கிட்டு நிக்கும், பெரிய வண்டி அதுக்குள்ள எதுத்தாப்புல இருக்கற கடைக்குள்ள போயிருக்கும். போன மாசம் ஒரு வண்டி வந்துது, டெம்போல ஏத்திட்டு வந்தாங்க. ஃபோர்க் மடங்கி முன் வீலு இன்ஜினைத் தொட்டுகிட்டு இருக்கு, ஹேண்டில்ல பூஜை போட்ட மாலை காஞ்சு தொங்குது, சீட்டு மேல பிளாஸ்டிக் கவரைக் கூட இன்னும் பிரிக்கல. பில்லுக்காக மீட்டரைப் பார்த்து எழுதினேன், 212 கிலோமீட்டர். அந்தப் பையனுக்கு உன் வயசுதான் இருக்கும். அவங்க அம்மா கவுண்டர்ல வந்து எஸ்டிமேட் எவ்வளவுன்னு கேட்டாங்க, நான் அவங்க முகத்தைப் பார்க்காமதான் சொன்னேன்.

அதனால கேளு. மொத வண்டி, நின்னா ரெண்டு பாதமும் முழுசா தரையில பதியற வண்டியா இருக்கணும். நீ 5 அடி 5, அப்பா உசரம். ஸ்ப்லெண்டர் சீட்டு 785 மில்லிமீட்டர், ஷைன் 791, யூனிகார்ன் 798, இதுக்கு மேல போனா சிக்னல்ல நுனிக்கால்ல நிப்ப, மணல்ல ஒரு கால் வழுக்கினா வண்டியோட சாஞ்சுடுவ. வெயிட்டும் பாரு. ராயல் என்ஃபீல்டு ஹண்டர் நல்லா இருக்கும்னு அக்கா வீட்டுக்காரர் சொன்னாராம், நல்ல வண்டிதான், ஆனா 181 கிலோ, சாஞ்சா நீ தனியா தூக்குவியா. யூனிகார்ன் 140க்குள்ள. என் மனசுல அதுதான் இருக்கு, பார்க்க ஆபீஸ் போறவர் வண்டி மாதிரி இருக்கும், கூட இருக்கற பசங்க கிண்டல் பண்ணுவாங்க, பண்ணட்டும். அதுல ஏபிஎஸ் இருக்கு, பிரேக் பிடிக்கறப்ப வீலு லாக் ஆகாம பார்த்துக்கறது. 2019 ஏப்ரல்ல இருந்து 125 சிசிக்கு மேல எல்லா வண்டிக்கும் ஏபிஎஸ் கட்டாயம், அதுக்குக் கீழ இருக்கறதுல பெரும்பாலும் சிபிஎஸ்தான், அதாவது பின் பிரேக்கை மிதிச்சா முன்னாடியும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும், அவ்வளவுதான், வீலு லாக் ஆகறதை அது தடுக்காது. நம்ம பக்கத்து ரோடு எப்படின்னு உனக்கே தெரியும், சில்வர் பீச் ரோட்டுல காத்தடிச்சா தார் மேல மணல் படர்ந்து கிடக்கும்.

மெக்கானிக் அண்ணன் ஒரு நாள் ஒர்க்ஷாப்புக்குப் பின்னாடி தண்ணி தெளிச்சு மணலைத் தூவி ஓட்டிக் காட்டினாரு. ஏபிஎஸ் இல்லாத வண்டியில முன் பிரேக்கை வெடுக்குன்னு பிடிச்சாரு, வீலு சுத்தாம அப்படியே இழுத்துகிட்டு போயி தரையில ஒரே கோடா விழுந்துது, வண்டி அவர் கையை விட்டே போச்சு, அவர்ங்கறதால கால் ஊனிட்டாரு. ஏபிஎஸ் வண்டியில லிவர்ல டடடடன்னு அடிக்குது, ஆனா வண்டி நேரா வந்து நின்னுது. அதுலயும் ஒண்ணு இருக்கு, சிங்கிள் சேனல்னா முன் வீலுக்கு மட்டும்தான், பின் வீலு அப்பவும் வழுக்கும், ஏபிஎஸ் இருக்குன்னு பின் பிரேக்கை ஏறி மிதிச்சுடாத. முன் பிரேக் பிடிச்சா குப்புற விழுந்துடுவன்னு ஆல்பேட்டை மாமா சொல்லிக் குடுத்திருப்பாரு, அதைக் கேக்காத, வண்டி நிக்கறதே பெரும்பாலும் முன் பிரேக்குலதான், மெதுவா ஆரம்பிச்சு அழுத்திகிட்டே போகணும், ரெண்டையும் சேர்த்துப் பிடிக்கணும். நீ லீவுல வந்தா விடியக்காலையில மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு வா, நானும் வரேன், பிரேக் மட்டும் ஒரு நூறு தடவை பிடிச்சுப் பழகு.

புது வண்டி கூட வேணாம்ங்கறேன். மொத வண்டியை எப்படியும் ரெண்டு தடவை சாய்ப்ப, செகண்ட் ஹேண்ட்னா மனசு வலிக்காது. ஒர்க்ஷாப்புல கஸ்டமர் ஒருத்தரோட யூனிகார்ன் இருக்கு, டிஎன் 31 வண்டி, ஒருத்தரே வச்சு ஓட்டினது, கோன் செட்டு, செயின், ஃபோர்க் ஆயில் சீல் எல்லாம் நானே நின்னு பார்க்க வச்சேன். புதுசுதான் எடுப்பேன்னா எடு, 5 வருஷத்துக்கு தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் அவங்களே போட்டுடுவாங்க, ஓட்டறவருக்கு 15 லட்சம் ஆக்சிடென்ட் கவர் இருக்கான்னு பாலிசியில பார்த்து வாங்கு. லைசென்ஸ் என்ன பண்ணின? அக்காவோட போயி நீ எடுத்தது கியர் இல்லாத வண்டிக்கு. அதை வச்சுகிட்டு கியர் வண்டி ஓட்டினா லைசென்ஸ் இல்லாத மாதிரிதான், இன்சூரன்ஸ்காரன் அதைத்தான் மொதல்ல கேப்பான். எல்எல்ஆர் போட்டா 30 நாள் கழிச்சு டெஸ்ட், 6 மாசம் செல்லும். அது வரைக்கும் பிரெண்டு வண்டியைத் தொடாத.

பிரெண்டு வண்டின்னதும் சொல்றேன். போன வாரம் வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல ஒரு போட்டோ போட்ட, அரை மணி நேரத்துல எடுத்துட்ட. நான் பார்த்துட்டேன். முழங்கையில பிளாஸ்டர் இருந்துது. என்னன்னு நான் கேக்கல. கதவுல இடிச்சிருக்கும்.

ஈசிஆர்ல இப்போதைக்கு வராத. கிட்டத்தட்ட 180 கிலோமீட்டர், மரக்காணம் உப்பளத்துகிட்ட பக்கவாட்டுல காத்து தள்ளும், பாண்டி தாண்டினா பஸ்ஸுக்காரங்க ஓட்டற ஓட்டம் தெரியும்ல, நெல்லிக்குப்பம் போற கரும்பு டிராக்டர் பின்னாடி லைட்டே இல்லாம போகும். பஸ்ல வா. ஆறு மாசம் ஓட்டிப் பழகிட்டு அப்புறம் வண்டியில வா. தெரு முனைக்குப் போனாலும் ஹெல்மெட் போடு, முகம் முழுக்க மூடறது, ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 4151ங்கற நம்பரும் இருக்கணும், ரோட்டோரத்துல விக்கறது வேணாம், ஸ்ட்ராப்பை மாட்டு, மாட்டாத ஹெல்மெட் விழறப்ப உனக்கு முன்னாடி போயிடும். டீ குடிக்கப் போனாலும் போடு.

இதோட முடிக்கலாம்னுதான் இருந்தேன். ஹெல்மெட்னு அடிச்சதும் கை ஓட மாட்டேங்குது. ராத்திரி மணி ஒண்ணாச்சு, அப்பா தூங்கறாரு.

வண்டியில விழுந்த அன்னிக்கு அப்பா ஹெல்மெட் போடாம போனாருன்னு ஊருக்கே தெரியும். வீட்டுக்கு யாரு வந்தாலும் அவரே சொல்லுவாரு, எனக்குத் திமிரு, போடாம போனேன், என்னைப் பார்த்து கத்துக்கங்கன்னு. நீ பத்தாவது படிக்கறப்ப அவர்கிட்ட கத்தினியே, ஒரு ஹெல்மெட்டைப் போட்டிருந்தா நம்ம வீடு இப்படி ஆயிருக்குமான்னு. அவர் தலையைக் குனிஞ்சுகிட்டு உக்காந்திருந்தாரு. நான் சமையல்கட்டுல நின்னு கேட்டுகிட்டுதான் இருந்தேன், வாயைத் தொறக்கல.

அவர் தினம் போடுவாரு தம்பி. சிப்காட்டுக்கு ஷிப்ட் போன அத்தனை வருஷமும் போட்டுகிட்டுதான் போனாரு, வந்ததும் டிவி ஸ்டாண்டு மேல கவுத்து வைப்பாரு. அக்கா சடங்கு அன்னிக்கு சீர்த்தட்டு வைக்க இடம் பத்தலன்னு அதை நான்தான் பரண்ல அண்டா மூட்டைக்குப் பின்னாடி தள்ளினேன். சாயந்தரம் பாத்திர வாடகை குடுக்க பாகூர் கெளம்பினப்ப ஹெல்மெட் எங்கன்னு கேட்டாரு. நான் வெத்தலை மடிச்சுகிட்டு இருந்தேன், வீடு நெறைய ஆளு, எரிச்சலா இருந்துது. பாகூருதானே, போயிட்டு வாங்க, இப்ப ஸ்டூல் போட்டு என்னால ஏற முடியாதுன்னு சொன்னேன். அவர் வாசல்ல வண்டியைப் பிடிச்சுகிட்டு கொஞ்ச நேரம் நின்னாரு, நான் எந்திரிச்சு வருவேன்னு நெனச்சாரோ என்னவோ. அப்புறம் போயிட்டாரு. ரெட்டிச்சாவடிகிட்ட மணல். வேகம் 40 கூட இல்லன்னு பின்னாடி வந்தவரு சொன்னாரு.

அந்த நாளே அவருக்கு ஞாபகம் இல்ல. கண்ணு முழிச்சப்ப யாரோ ஹெல்மெட் போடலையான்னு கேட்டாங்க, அவர் என்னைப் பார்த்தாரு, நான் ஒண்ணும் சொல்லல. போடாமதான் போயிருக்கேன்னு அவரே முடிவு பண்ணிகிட்டாரு. இத்தனை வருஷமா அவர் செய்யாத தப்பை அவரை சொல்ல விட்டுட்டு நான் பக்கத்துலயே உக்காந்திருக்கேன். போகிக்குப் போகி பரணைத் தொட உங்க யாரையும் விடறதில்லல்ல, அது அங்கதான் இருக்கு, ஒரு கீறல் இல்ல.

அவர்கிட்ட இன்னும் சொல்லல. நீ வர்ற அன்னிக்கு சொல்லலாம்னு இருக்கேன், நீ பக்கத்துல இரு. அக்காவுக்கும் தெரியாது, அவ சடங்கோட இதைச் சேர்த்து நெனப்பாளேன்னு பயமா இருக்கு.

பரண்ல இருக்கறதை உனக்குத் தர மாட்டேன், பழசாச்சுன்னா உள்ள இருக்கற தெர்மாகோல் பிடிப்பு போயிருக்கும். புதுசு நான் வாங்கித் தரேன். புருவத்துக்கு ஒரு விரல் மேல வச்சு தலையைச் சுத்தி நூல் பிடிச்சு அளந்து எத்தனை சென்டிமீட்டர்னு அனுப்பு. முடி வெட்டிட்டு அள. அந்தக் கை மடக்க முடியுதான்னும் ஒரு வார்த்தை எழுது.

அம்மா