ஆமைத் தொட்டிக்குள் பிளாஸ்டிக் செடி எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வண்ணமீன் கடைகளில் காதோரம் சிவப்புக் கோடு போட்ட சிறு ஆமைகளைக் கண்ணாடித் தொட்டி, பிளாஸ்டிக் செடி, வண்ணக் கூழாங்கல், பஞ்சு வைத்த ஃபில்டர் ஆகியவற்றோடு சேர்த்து ஒரே ‘செட்’டாக விற்பதை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். அந்த ஆமை அதே சாமான்களைக் கடித்துத் தின்னும் என்பதை வாங்கும்போது எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஒன்றரை ஆண்டு வளர்த்துப் பட்டறிந்ததை, எங்கள் ஊரில் இன்னும் சிலருக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு பொங்கல் விடுமுறைக்கு வந்த பேத்தி அடம்பிடித்ததால் வாங்கிய ஆமை அது. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று பக்கத்து வீட்டு அம்மாள் எச்சரித்தார். உருப்படாமல் போனது தொட்டிதான். முதல் மாதத்தில் பிளாஸ்டிக் செடியின் இலை நுனிகள் காணாமல் போயின. பிறகு ஃபில்டரின் பஞ்சில் எலி கொறித்ததுபோல் குழிகள் விழுந்தன. வெயில் காய ஒரு மேடை வேண்டுமே என்று தொலைக்காட்சிப் பெட்டியோடு வந்த தெர்மோகோலை வெட்டி மிதக்கவிட்டேன். மறுநாள் காலையில் தண்ணீரின் மேல் பொரி இறைத்ததுபோல் வெள்ளை மணிகள் மிதந்தன. ஆமையின் கழிவில் அந்த மணிகளில் மூன்றும் பச்சை நூல் போன்ற ஓர் இலைத்துணுக்கும் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. கடைக்காரரைக் கேட்டபோது, “குட்டி அல்லவா, சேட்டை செய்யும், வளர்ந்தால் நின்றுவிடும்” என்றார்.

நிற்கவில்லை. ஐப்பசியில் நான்கு நாட்கள் இரையைத் தொடாமல், கழிவும் போகாமல் மூலையிலேயே கிடந்த ஆமையைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். எக்ஸ்ரே படத்தில் வயிற்றுக்குள் இரண்டு கூழாங்கற்கள் பளிச்சென்று தெரிந்தன. பிளாஸ்டிக்கும் தெர்மோகோலும் பெரும்பாலும் அந்தப் படத்தில் தெரியாது என்று மருத்துவர் சொன்னார். நல்லவேளையாக, சிகிச்சை தொடங்கிய ஆறாம் நாள் கற்கள் தாமாக வெளியே வந்துவிட்டன. குடலை அடைத்திருந்தால் அறுவைச் சிகிச்சைதான் வழியாக இருந்திருக்கும்.

மருத்துவர் விளக்கிய பிறகு சேட்டை என்ற சொல்லை நான் விட்டுவிட்டேன். ஆமைக்குப் பல் கிடையாது. கிளியின் அலகைப்போல, நம் நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதனாலேயே ஆன கூர்விளிம்பு ஒன்று வாயில் உண்டு. அது வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். நத்தையின் ஓட்டையும் நீர்ச்செடியின் தண்டையும் கடித்தால்தான் தேயும். தவிர, ஒரு பொருள் இரைதானா என்பதை ஆமை வாயால்தான் சோதிக்கிறது. பாசி படிந்த பிளாஸ்டிக் இலையை அது வேறு என்னவென்று நினைக்கும்? இந்த இனம் குட்டியில் புழு பூச்சிகளையும் வளர வளர இலை தழைகளையும் மிகுதியாகத் தின்பது. ஆகவே, வளர்ந்தால் நின்றுவிடும் என்ற பேச்சுக்கு நேர்மாறாக, வளர்ந்த பிறகுதான் இலை வடிவிலுள்ள எதன்மீதும் அதற்கு நாட்டம் கூடுகிறது.

எனவே தொட்டியை அடியோடு மாற்றினேன். கூழாங்கற்களை அள்ளிவிட்டு அடித்தளத்தை வெறுமையாக விட்டேன். அழகுக்குக் கல் வேண்டும் என்பவர்கள் ஆமையின் தலையைவிடப் பெரிய கற்களை மட்டும் வைக்கலாம். தெர்மோகோலுக்குப் பதிலாக இரண்டு செங்கல்லின் மேல் ஒரு துண்டு கடப்பா கல். ஃபில்டரைச் சுற்றித் துளையுள்ள ஒரு கூடையைக் கவிழ்த்து, அதன் வயரை பிவிசி குழாய்க்குள் விட்டுவிட்டேன். ஹீட்டரும் செட்டோடு வந்தது. தண்ணீர் 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் போதும் என்னும்போது, கடலூர் வெயிலுக்கு அது எதற்கு என்று எடுத்தே வைத்துவிட்டேன். மின்கம்பியைக் கடிக்கும் ஆபத்தும் ஒன்று குறைந்தது.

கடிப்பதற்கு எதையாவது கொடுக்காமல் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டால் அது கண்ணாடியைத்தான் பிறாண்டும். பிளாஸ்டிக் செடி இருந்த இடத்தில் வேலம்பாசியையும், மாட்டுத் தீவனத்துக்காக விவசாயிகள் வளர்க்கும் அசோலாவையும் போடுகிறேன். இரவு போட்ட ஒரு பிடி அசோலா காலையில் இருப்பதில்லை. செம்பருத்தி இலையும் விரும்பித் தின்கிறது. எல்லாவற்றையும்விடப் பயன்பட்டது தேவனாம்பட்டினம் கடற்கரையில் காசில்லாமல் கிடைத்த கடல் நுரைதான். கணவாயின் உள்ளோடான அதை லவ் பேர்ட்ஸ் கூண்டுகளில் தொங்கவிட்டிருப்பார்கள். பெரும்பகுதி சுண்ணாம்புச் சத்து. பின்புறமுள்ள கெட்டித் தகட்டைக் கத்தியால் சீவி எடுத்துவிட்டு, உப்புப் போக வெந்நீரில் கொதிக்கவைத்துக் காயவைத்து மிதக்கவிட்டால், முன்காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு கறக் கறக்கென்று கடிக்கிறது. விளிம்பில் பதியும் பிறை வடிவக் கடித்தடங்களைப் பேத்தி தொலைபேசியில் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறாள். ஆனால் சுண்ணாம்புச் சத்து உடலில் சேர வெயில் வேண்டும். கண்ணாடி வழியே வரும் வெயிலில் அதற்குத் தேவையான புற ஊதாக் கதிர் நின்றுபோகும் என்பதால், காலையில் அரைமணி நேரம், ஒதுங்க நிழலும் இருக்கும்படி வெளியே வைக்கிறேன்.

டப்பாவில் வரும் காய்ந்த சென்னாக்குன்னி என்ற பொடி இறால் மட்டுமே ஆமைக்கு முழு உணவாகாது என்பதையும், கடிபட்ட சாமான்களை எடுத்துப்போடும் குழந்தைகள் சோப்பால் கை கழுவ வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சால்மொனெல்லா கிருமிக்கு அஞ்சியே அமெரிக்காவில் நான்கு அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளின் விற்பனையை 1975இல் தடை செய்தார்கள்.

தொல்லை தாங்காமல் இதைக் கெடிலம் ஆற்றிலோ கோயில் குளத்திலோ விட எண்ணுபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் இனங்களின் பட்டியலில் உள்ள ஆமை இது. விட்டால் நம் பாலாமைக்கும் காராமைக்கும் இரையும் இடமும் பறிபோகும். அந்த நாட்டு ஆமைகளைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதும் பலருக்குத் தெரியவில்லை.

இந்த ஆமை ஓரடி நீளம் வரை வளரும், இருபது முப்பது ஆண்டுகள் வாழும், தொட்டியில் உள்ளதைக் கடிக்கும் என்ற மூன்று செய்திகளையாவது கடைக்காரர்கள் தமிழில் அச்சிட்டு வாங்குபவர் கையில் கொடுக்க வேண்டும். கூழாங்கல்லைச் செட்டிலிருந்து நீக்கிவிட வேண்டும். நான் வாங்கிய கடைக்காரரிடமே இதைச் சொன்னேன். எழுதிக் கொடுத்தால் தொட்டியில் ஒட்டிவைப்பதாகச் சொன்னார். சென்ற வாரம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.