வீட்டில் யாருக்காவது இருந்ததா

களியக்காவிளை
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மக்களே,

இங்கே எல்லாரும் சுகம். மழை விடவில்லை, ரப்பர் வெட்டு நின்று கிடக்கிறது. அப்பா பாறசாலையில் கண்ணைக் காட்டிவிட்டு வந்தார், புதுக் கண்ணாடி எழுதியிருக்கிறார்கள். மீதியெல்லாம் ஷீபா சொல்லியிருப்பாள். அவள் என்னிடம் உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவளைக் கூப்பிட்டுச் சத்தம் போடாதே.

நீ போன் பண்ணினாலும் முகம் காட்டுவதில்லை. நெட் கிடைக்கவில்லை என்கிறாய், சரி. மண்டைக்காட்டுக் கொடைக்கு வந்தபோது அந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை. அதையும் நான் கேட்கவில்லை. பாட்டாவின் முழங்கையும் தலையும் பார்த்து வளர்ந்த பிள்ளை நீ. உனக்கு நான் புதிதாக என்ன சொல்ல?

இப்போது பெரிய ஊர் ஆஸ்பத்திரிகளில் காளாஞ்சகப் படைக்கு, சொரியாசிஸ் என்கிறார்களே அதற்கு, புது ஊசி மருந்துகளை வைத்து ஆராய்ச்சி நடக்கிறது. உன்கூட வேலை பார்க்கிற பையன் யாராவது அதில் சேரப்போகிறான் என்று வைத்துக்கொள். அவனுக்குச் சொல்ல வேண்டியதை எழுதுகிறேன். நீயும் ஒருமுறை படி.

ஆராய்ச்சியே வேண்டாம் என்கிற ஆள் இல்லை நான். இந்த நோய்க்கு இன்று கையில் இருக்கிற மருந்தெல்லாம் யாரோ ஒரு நோயாளி உடம்பைக் கொடுத்து வந்ததுதான். 1951-ல் அமெரிக்காவில் மூட்டுவாதக்காரர்களுக்கு அமினோப்டெரின் கொடுத்துப் பார்த்தபோது, அவர்களில் சிலருக்கு இருந்த படையும் அடங்கியது. இப்போது படைக்குக் கொடுக்கிற மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வந்தது அந்த வழியில். 1979-ல் சைக்ளோஸ்போரின் கொடுத்தபோதும் அப்படியே. வேறு நோய்க்குக் கொடுத்த மருந்து தோலைச் சரியாக்கியது. அது எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மருந்து ஆனதால்தான், கோளாறு தோலில் மட்டும் இல்லை, ரத்தத்தில் ஓடுகிற வெள்ளை அணுக்களிலும் இருக்கிறது என்று டாக்டர்களுக்கு உறைத்தது. நாலு வாரத்தில் உதிர வேண்டிய மேல்தோல் சில நாளில் வந்து குவிவதற்கு அந்த அணுக்கள் விடுகிற சமிக்ஞைதான் காரணம். டிஎன்எஃப், ஐஎல்-17, ஐஎல்-23 என்று அவற்றுக்குப் பெயர். புது ஊசிகள் இவற்றில் ஒன்றைப் பிடித்துக் கட்டுகின்றன. நம் நாட்டிலேயே செய்த இட்டோலிசுமாப் 2013-ல் அனுமதி பெற்றது. அது பிடிப்பது வேறொன்றை, சிடி6.

ஆகவே முதல் கேள்வி: இந்த ஊசி எதைப் பிடிக்கிறது? பெயர் வாயில் நுழையாவிட்டால் தாளில் எழுதி வாங்கு. எதற்கு இதை அழுத்திச் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் சம்மதப் பத்திரத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கலாம். நாளைக்கு வருகிறேன் என்றால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அதில் சிடிஆர்ஐ எண், அதாவது நம் நாட்டு மருந்து ஆராய்ச்சிப் பதிவேட்டின் எண், இருக்கிறதா என்று பார். 2009 முதல் மருந்து ஆராய்ச்சியெல்லாம் அந்தப் பதிவேட்டில் ஏற வேண்டும். எண்ணைப் போட்டுத் தேடினால் யார் பணம் போடுகிறார்கள், எத்தனை பேர், எந்தெந்த ஊர் என்று எல்லாம் தெரியும். நெறிமுறைக் குழுவின் போன் நம்பர் பத்திரத்தில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட பிரதி ஒன்று உனக்குத் தர வேண்டும். 2019 விதிகளின்படி ஆராய்ச்சியால் உடம்புக்கு ஏதும் வந்தால் வைத்தியம் இலவசம். பெரிய ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் டாக்டர் மேலே தெரிவிக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் எடுக்கிற நம்பர் எது என்று கேள். அதைக் கேட்க வெட்கப்படாதே. நீ சின்ன வயசிலிருந்தே கேள்வி கேட்க வெட்கப்படுகிறவன். மார்க் மட்டும் வாங்குவாய்.

பிளாசிபோ உண்டா என்று கேள். மருந்தில்லாத ஊசி பாதிப் பேருக்கோ கால்வாசிப் பேருக்கோ போகலாம். யாருக்கு எது என்று ஊசி போடுகிறவருக்கும் தெரியாது. பெரும்பாலும் 12 வாரமோ 16 வாரமோ அப்படிப் போகும். பிறகு அவர்களுக்கும் மருந்து கொடுப்பார்கள். எந்த வாரத்தில் என்று பத்திரத்தில் இருக்கும். ஆராய்ச்சி முடிந்த பிறகு மருந்து கிடைக்குமா என்பதையும் பார். அங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். தோல் தெளிந்து, மருந்து நின்று, வெளியில் வாங்க விலை கட்டாமல் திரும்பவும் படை.

சேர்வதற்கு முன் பழைய மருந்துகளை நிறுத்தச் சொல்வார்கள். பூசுகிறதென்றால் பொதுவாக இரண்டு வாரம், மாத்திரையும் ஒளிச் சிகிச்சையும் என்றால் நாலு வாரம். அந்த இடைவெளியில் படை கூடும், பயப்படாதே. ஆனால் உடம்பு முழுக்கச் சிவந்து, குளிர் நடுக்கம் வந்து, குண்டூசித் தலை அளவில் சீழ்ப் பொட்டுகள் வந்தால் எந்த ஆராய்ச்சிக்காகவும் காத்திருக்காதே, நேரே அவசரப் பிரிவு. ஒரே ஊசியில் மாற்றித் தருகிறேன் என்கிற ஆட்களிடம் யாராவது ஸ்டீராய்டு ஊசியோ மாத்திரையோ வாங்கியிருந்தால், அதை நிறுத்தும்போது இப்படி வரலாம். வாங்கியிருந்தால் சொல்லிவிட வேண்டும். சொன்னால் சேர்க்க மாட்டார்கள் என்று மறைக்கக் கூடாது.

தந்தப்பாலை எண்ணெயும் அதே கணக்குத்தான். நான் அனுப்புகிற குப்பிதான் சொல்கிறேன். இரும்பு படாமல் இலையைக் கையால் கிள்ளி, தேங்காயெண்ணெயில் முங்கப் போட்டு, வெயிலில் வைத்து, நாவல்பழ நிறம் வந்தபிறகு வடித்தது. தமிழ் வைத்தியர்கள் வெட்பாலைத் தைலம் என்பார்கள். வீட்டு எண்ணெய்தானே, மருந்தா என்று நினைக்காதே. ஆராய்ச்சி டாக்டர்கள் படையை அளப்பது பாசி (PASI) என்கிற கணக்கில். தலை, கை, நடு உடம்பு, கால் என்று நாலாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சிவப்பு, தடிப்பு, செதில் மூன்றுக்கும் 0 முதல் 4 வரை மார்க். எவ்வளவு இடம் என்பதற்கு 0 முதல் 6 வரை. அந்த மூன்றின் கூட்டை இடத்தின் மார்க்கால் பெருக்கி, தலைக்கு 0.1, கைக்கு 0.2, உடம்புக்கு 0.3, காலுக்கு 0.4 என்று மறுபடி பெருக்கிக் கூட்ட வேண்டும். மொத்தம் 72. பெரிய ஆராய்ச்சிகளில் பெரும்பாலும் 12 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் சேர்ப்பார்கள். விரலோடு சேர்த்து உன் உள்ளங்கை உன் தோலில் ஏறக்குறைய 1 சதவீதம், அதை வைத்து நீயே அளந்து பார்க்கலாம். காலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு போனால் செதில் அமுங்கி மார்க் குறையும். நடுவில் ரகசியமாகத் தேய்த்தால் மருந்து வேலை செய்ததா எண்ணெய் வேலை செய்ததா என்று யாருக்கும் தெரியாது. உனக்குப் பின்னால் அந்த மருந்தை வாங்குகிறவனுக்கும் சேர்த்துத்தான் பொய் சொல்கிறாய். குப்பியை அலமாரியில் வை. கேட்டால் பெயரைச் சொல். வெறும் வாசலின் பூசலாமா என்று கேள், பெரும்பாலும் விடுவார்கள்.

மெத்தோட்ரெக்சேட்டோடு ஒப்பிடுகிற ஆராய்ச்சி என்றால் இன்னொன்று. அது வாரத்தில் ஒரு நாள் மாத்திரை. தினமும் அல்ல, தினமும் அல்ல. தினமும் விழுங்கியவர்களுக்கு வாய் வெந்து, ரத்த அணு குறைந்து, ஆளே போயிருக்கிறார்கள். கிழமையைச் சீட்டின் மேல் பெரிதாக எழுது. ஃபோலிக் ஆசிட் வேறு நாளில். ஈரல் பரிசோதனை நடுநடுவே உண்டு. குடிக்கிறாயா என்று நான் கேட்கவில்லை. அவர்கள் கேட்பார்கள். எத்தனை என்று உள்ளதைச் சொல்.

காலையில் எழுந்ததும் விரல் மடங்காமல் அரை மணி நேரம் விறைப்பு இருக்கிறதா, நகத்தில் ஊசி குத்தினது போல் குழி இருக்கிறதா என்றும் பார். இருந்தால் மூட்டுக்கும் போயிருக்கும். பாட்டாவுக்குக் கடைசியில் சாயா டம்ளர் பிடிக்க முடியாமல் போனது வயசால் இல்லை.

இனி ஊசி எதைப் பிடிக்கிறது என்ற கேள்வி. டிஎன்எஃப்-ஐக் கட்டுகிற ஊசி என்றால் கவனம் வேண்டும். காசநோய்க் கிருமி நெஞ்சுக்குள் போன எல்லாருக்கும் நோய் வருவதில்லை. உடம்பு அதைச் சுற்றி வேலி கட்டி உள்ளேயே வைத்திருக்கும், ஆயுசு முழுக்கக்கூட. அந்த வேலி நிற்பது டிஎன்எஃப்-ஆல். அதைக் கட்டிப்போட்டால் வேலி சரியும். இன்ஃப்ளிக்ஸிமாப் என்கிற அப்படிப்பட்ட ஊசி போட்டவர்களில் 70 பேருக்குக் காசநோய் வந்ததை 2001-ல் எழுதினார்கள். பெரும்பாலோர் மூட்டுவாதக்காரர்கள். பாதிப் பேருக்கு 12 வாரத்துக்குள்ளேயே வந்துவிட்டது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நெஞ்சுக்கு வெளியே, கழலையிலும் வயிற்றிலும் வேறு இடங்களிலும். இருமல் இல்லாததால் சட்டென்று பிடிபடவும் இல்லை. ஐஎல்-17 பிடிக்கிற ஊசிகளில் இந்த ஆபத்து குறைவு. ஆனாலும் எல்லாவற்றுக்கும் முன்னால் சோதிப்பார்கள்: நெஞ்சு எக்ஸ்ரே, பிறகு மான்டோ என்கிற தோல் ஊசிச் சோதனை அல்லது இக்ரா என்கிற ரத்தப் பரிசோதனை. மான்டோவில் அளக்க வேண்டியது தடிப்பை, சிவப்பை அல்ல. இந்த ஊசிகளுக்குப் போகிறவர்களுக்கு 5 மில்லிமீட்டரே கணக்கில் சேரும். சின்ன வயசில் பிசிஜி தடுப்பூசி போட்டதால் தடித்தது என்று யாராவது தள்ளினால், இக்ரா எடுக்கச் சொல், அது பிசிஜியால் மாறாது.

சோதனை மட்டும் போதாது மக்களே. ஸ்டீராய்டோ மெத்தோட்ரெக்சேட்டோ எடுத்துக்கொண்டிருந்தால் கிருமி உள்ளே இருந்தும் சோதனையில் காட்டாமல் போகலாம். அதனால்தான் தாளில் ஒரு கேள்வி வைத்திருப்பார்கள். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா, ஒரே அறையில் இருந்தீர்களா?

ஆமென்று எழுது.

ராஜன் மாமா சாய்ப்பு அறையில் படுத்திருந்த வருஷம் உனக்கு மறந்திருக்காது. உன் பிளஸ் டூ புத்தகமெல்லாம் அங்கேதான் இருந்தது. மாத்திரையால் மூத்திரம் சிவப்பாய்ப் போகிறது என்று மாமா சொன்னதற்கு நீ சிரித்தாய், பீட்ரூட் என்று சொன்னோம். ஊரில் ஈளை இழுப்பு என்று சொன்னோம், மாமியின் வீட்டாருக்கும் அப்படித்தான். எந்தத் தாளிலும் அதை எழுதாதே என்று உன்னிடம் கண்டிப்பாய்ச் சொல்லியிருந்தது. இந்தத் தாளுக்கு அது பொருந்தாது. மாமாவிடம் கேட்டுவிட்டேன். மாதுவின் கல்யாணம் ஓணம் கழிந்து வைத்திருக்கிறது, இருந்தாலும் எழுதச் சொல்லு என்றான். ஆறு மாதம் மாத்திரை முழுதாகக் குடித்து முடித்தான், சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை, அதையும் எழுது. தாள் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே போகாது. நீ ஊரில் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

எழுதினால் தள்ளிவிடுவார்கள் என்று பயமா? பல ஆராய்ச்சிகளில் தள்ள மாட்டார்கள். உறங்குகிற கிருமி என்று தெரிந்தால் ஐசோனியாசிட் ஆறு மாதம், அல்லது ரிஃபாபென்டினோடு சேர்த்து வாரம் ஒரு முறையாக 12 வாரம். குறைந்தது ஒரு மாதம் குடித்தபிறகு ஊசியைத் தொடங்கலாம். இந்த மாத்திரைக்கும் ஈரல் ஒத்துழைக்க வேண்டும், மேலே எழுதியதை மறுபடி படி. தள்ளினாலும் போகட்டும். வேறு ஊசி இருக்கிறது, ஒளிச் சிகிச்சை இருக்கிறது. சேர்ந்தபிறகு இரண்டு வாரம் தாண்டிய இருமல், சாயந்திரக் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, கழுத்தில் கழலை, இதில் ஒன்று வந்தாலும் அடுத்த ஊசிக்கு முன் சொல்ல வேண்டும். வேண்டாமென்று தோன்றினால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. விலகினால் வைத்தியம் தர மாட்டோம் என்று அவர்கள் சொல்லக் கூடாது.

பெண் பார்க்கிற காரியத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். உன் உடம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கர்க்கடகம் கழியட்டும் என்றுதான். ஷீபாவைப் படிக்க வைத்தது நீ, அப்பாவின் கடனை அடைத்தது நீ. அதை இங்கே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு வார்த்தை வீட்டில் சொல்ல மட்டும் உனக்கு வாய் வரவில்லை.

பத்திரத்தின் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பு. படித்துவிட்டுத்தான் பேசுவேன். அந்தப் பையனின் பத்திரம் என்றாலும் சரி.

அம்மை

மறந்துவிட்டேன்: மான்டோவை வியாழக்கிழமை போட ஒத்துக்கொள்ளாதே. 48 முதல் 72 மணிக்குள் அளக்க வேண்டும், அது சனி ஞாயிறில் போய் விழும், அளக்க ஆள் இருக்காது. திங்களோ செவ்வாயோ போட்டுக்கொள். போட்ட இடத்தைச் சொறியாதே, எண்ணெயும் தேய்க்காதே.