நானும் வெளியேதான் நின்றேன்

அன்புள்ள பிள்ளைக்கு,

நேற்று நீ கனடாவிலிருந்து போனில் அழுதுகொண்டு கேட்டதற்கு என்னிடம் உடனே பதில் வரவில்லை. பக்கத்தில் சின்னம்மா இருந்தார், அப்பா வேறு ஸ்பீக்கரில் போடு, பேரன்ர சத்தத்தைக் கேட்க வேணும் என்று தலைமாட்டில் நின்றார். அவர்களுக்கு முன்னால் கதைக்கிற விஷயம் இல்லை அது. "ஊசி போடுறதைப் பார்க்க ஏலாமல் பிள்ளையை அவரிட்டக் குடுத்திட்டு வெளியில போய் நின்றனான், நானெல்லாம் ஒரு தாயா" என்று கேட்டாய். அதற்குத்தான் இதை எழுதுகிறேன். துண்டு துண்டாக அனுப்பினால் ஒன்று விடுபடும், ஒரேயடியாக எழுதி விடுகிறேன், அவன் நித்திரையான பிறகு ஆறுதலாக வாசி.

நானும் வெளியேதான் நின்றேன். உன்னுடைய முதல் முக்கூட்டு ஊசிக்கு. இத்தனை வருஷமாக உனக்கு இதைச் சொல்லவில்லை.

1996 ஆடியில் சண்டை தொடங்கி, கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டு, அக்கராயனில் தெரிந்தவர் ஒருவரின் வளவுக்குள் கிடுகுக் கொட்டில் போட்டு இருந்தோம். நீ கைக்குழந்தை. கிளினிக் என்றால் ஒரு அரைச்சுவர் வகுப்பறை, இரண்டு வாங்கு, மேலே வளையில் கொழுவிய தராசு, அவ்வளவுதான். அந்தத் தராசில் துணிக்காற்சட்டை மாதிரி ஒன்றுக்குள் உன்னை இறக்கித் தொங்கவிட்டார்கள். நீ ஊஞ்சல் என்று நினைத்தாயோ என்னவோ, காலை ஆட்டி ஆட்டிச் சிரித்தாய். அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கெடுத்தது. இன்னும் ஐந்து நிமிஷத்தில் இதே பிள்ளையைப் பிடித்துக் குத்தப்போகிறார்கள், அதற்கு நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன் என்று நினைக்க வயிற்றைப் பிசைந்தது.

மருந்து ஐஸ் வைத்த பெட்டியில், சைக்கிள் கரியரில் வந்தது. அந்த நாளில் வன்னிக்குள் மண்ணெண்ணெய் என்ன விலை என்று உனக்குத் தெரியாது, நாங்கள் போத்தல் விளக்கில் திரியைக் குறைத்து வைத்துச் சாப்பிட்டோம். அப்படியிருந்தும் மருந்து வைக்கிற குளிர்பெட்டிக்கு எண்ணெய் ஒதுக்கி வைத்திருந்தார்கள். 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில் இருக்க வேண்டும், சூடு ஏறினாலும் பழுது, உறைந்தாலும் பழுது என்று மருத்துவமாது சொல்லிக்கொண்டே பெட்டி மூடியைத் திறப்பார், மூடுவார். தொண்டைக் கரப்பான், கக்குவான், ஏற்புவலி மூன்றுக்கும் அந்த ஒரு ஊசி. வாயில் போலியோச் சொட்டு.

எங்களுக்கு முன்னால் இருந்த பிள்ளை கத்திய கத்தில் எனக்குக் கை கால் பதறிவிட்டது. உன்னை அம்மம்மாவின் கையில் திணித்துவிட்டுப் போய்ப் பாலை மரத்துக்குப் பின்னால் நின்றேன், இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டு. அப்படியும் கேட்டது. திரும்பி வந்தால் நீ அம்மம்மாவின் தோளில் கிடந்து மூச்சை இழுத்து இழுத்து விம்மிக்கொண்டிருந்தாய், என்னைக் கண்டதும் அழுகை இரண்டு மடங்காகிவிட்டது. விட்டுவிட்டுப் போனதற்கு என்னோடு கோபம் என்று நினைத்து நானும் அழுதேன். அம்மம்மா சொன்னா, "முறைப்பாடு சொல்ல ஆள் வந்திட்டுது எண்டு கத்துறாள், வாங்கு பிள்ளையை." அவ்வளவுதான் அவவின் ஆறுதல். ஆனால் அது சரி, பிள்ளை. நீ அறைக்குள் திரும்பி வந்ததும் அவன் கூட அழுதான் என்று சொன்னாயே, அதைத்தான் நேற்று முழுக்க மனதில் போட்டு உருட்டுகிறாய் என்று எனக்குத் தெரியும்.

அன்று இரவு நான் விட்ட பிழை வேறு. உடம்பு சுட்டதும் குளிர் பிடித்துவிடும் என்று பயந்து ஒரு துவாய், அதற்கு மேல் என் பழஞ்சேலை என்று சுற்றிச் சுற்றி வைத்தேன். ஆவணி வெக்கை, கிடுகுக் கொட்டில். காய்ச்சல் ஏறாமல் என்ன செய்யும்? பக்கத்துக் கொட்டில்காரி தொடையில் கோடாலித் தைலம் பூசி உரஞ்சிவிடச் சொன்னாள், நல்ல காலம் அம்மம்மா முழித்துவிட்டா. எல்லாவற்றையும் கழற்றி, உன்னை வெறும் மேலோடு என் நெஞ்சில் போட்டுவிட்டு, ஊசி போட்ட இடத்தில் நனைத்துப் பிழிந்த துணியைச் சும்மா வைத்தா, தேய்க்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பால் கொடுத்துக்கொண்டே இருந்தேன். விடியப்புறம் உறங்கினாய். தொடையில் கொட்டைப்பாக்கு அளவு ஒரு கட்டி நின்றது, அது கரைய வாரக்கணக்காகியது. அவனுக்கும் அப்படி ஒன்று தட்டுப்பட்டால் பயப்படாதே, அழுத்திப் பார்த்துக்கொண்டும் இராதே.

அடுத்த ஊசிக்கு நான் ஓடவில்லை. வீரம் ஒன்றும் வந்துவிடவில்லை, அம்மம்மாவுக்கு அன்று காய்ச்சல், வேறு ஆள் இல்லை. வாங்கில் இருந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தேன், நீ குடிக்கக் குடிக்கவே மருத்துவமாது தொடையில் போட்டுவிட்டார். வாயை எடுத்து ஒரு கத்து, என் முகத்தைப் பார்த்தாய், திரும்பப் பிடித்துக்கொண்டாய். நான் பாலை மரத்தடியில் நின்ற நேரம்கூட எடுக்கவில்லை.

இங்கே இப்போது எங்கள் பகுதிக்கு வருகிற குடும்பநல மருத்துவமாதுப் பிள்ளையிடம் உன் கதையைச் சொன்னேன் (பெயர் சொல்லவில்லை, கோபிக்காதே). அவள் சொன்னதும் இதையேதான், ஊசிக்குக் கொஞ்சம் முன்னமே பால் கொடுக்கத் தொடங்கி, போடும்போதும் விடாமல், பிறகும் கொஞ்ச நேரம் கொடுக்க வேண்டுமாம். மல்லாக்காகக் கிடத்தி அமத்திப் பிடிக்கக் கூடாது, நெஞ்சோடு நிமிர்த்தி அணைத்து வைத்திருக்க வேண்டும். அங்கே வயிற்றோட்டம் வராமல் தடுக்க வாயில் விடுகிற தடுப்பு மருந்து இனிப்பாம், அதை முதலில் கொடுத்துவிட்டு ஊசியைப் பிறகு போடச் சொல்லிக் கேட்கலாமாம். அந்த மருந்து மலத்தோடு கொஞ்ச நாள் வெளியே போகும், பம்பர்ஸ் மாற்றினால் கையைச் சோப் போட்டுக் கழுவு. இன்னொன்றும் சொன்னாள்: இங்கே போடுவதில் கக்குவானுக்கு முழுக் கிருமியையே கொன்று போடுகிறார்கள், அங்கே கிருமியின் சில பகுதிகளை மட்டும் எடுத்துச் செய்தது, அதனால் அங்கே காய்ச்சலும் அழுகையும் குறைவாம். எனக்கு இதைக் கேட்கச் சிரிப்பு வந்தது. நீ குடித்ததில் பாதி கஷ்டத்தைத்தான் உன் மகன் குடிக்கிறான்.

ஆனால் ஒன்று, விளையாட்டில்லை. நேற்று 37.6 என்றாய், அது சரி, அதற்கு ஒன்றும் கொடுக்கத் தேவையில்லை. மூன்று மாதம் ஆகாத பிள்ளைக்கு 38 அல்லது அதற்கு மேல் போனால் நீயாக டைலனோல் காய்ச்சல் மருந்தை ஊற்றாதே, முதலில் டொக்டருக்கு அல்லது போனில் மருத்துவ ஆலோசனை சொல்கிற அந்த 811க்கு எடு, எவ்வளவு கொடுப்பது என்பதை நிறையைக் கேட்டு அவர்கள்தான் சொல்ல வேண்டும். ஊசிக்கு முன்னமே கொடுத்துவிட்டுப் போகலாமா என்று கேட்டாயே, அதுவும் அவர்கள் சொல்லாமல் வேண்டாம். மூன்று மணித்தியாலத்துக்கு மேல் விடாமல் வீரிட்டால், துவண்டு பால் குடிக்க மறுத்தால், மூச்சு எடுக்கக் கஷ்டப்பட்டால், வலிப்பு வந்தால், எனக்கு எடுத்துக்கொண்டிராமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போ.

ஊசி விபரம் எழுதுகிற அவனுடைய மஞ்சள் அட்டையைப் பத்திரமாக வை, பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற நேரம் ஊசி விபரம் கேட்பார்களாம். உன்னுடையது 2009இல் ஒரு பையோடு போனது, மாத்தளனிலா முள்ளிவாய்க்காலிலா என்றுகூடத் தெரியாது. உனக்கு மிஞ்சியிருப்பது இடது கைப் புஜத்தில் பிறந்த உடனே போட்ட பீசீஜீ என்ற காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு மட்டும்தான். அங்கே எல்லாப் பிள்ளைக்கும் அதைப் போடுவதில்லை என்பதால் அவனுக்கு அது வராது. சின்னனில் நீ அந்தத் தழும்பைத் தொட்டு, இது எனக்கு ஆர் கடிச்சது என்று கேட்பாய். எறும்பு என்று சொல்லி வைத்தேன்.

அடுத்தது நாலாம் மாதம் என்றாய். உங்கள் காலை பத்து மணி எங்களுக்கு இரவு ஏழரை, நான் சாப்பிட்டு முடித்துப் போனோடு இருப்பேன். மருமகனையும் கூட்டிக்கொண்டு போ, பாவம், நேற்று அவர்தானே பிடித்துக்கொண்டு நின்றார், அவருக்கு ஆர் ஆறுதல் சொன்னது? உள்ளே இருக்க ஏலாது என்றால் வெளியே வந்து எனக்கு எடு, நான் கதைத்துக்கொண்டு நிற்கிறேன். சத்தம் கேட்டதும் போனை வைத்துவிட்டு உள்ளே ஓடிப் போய் அவனைக் கையில் வாங்கு.

அம்மா